பறவைப் படமும் அதன் சாட்சியமும்

வேளச்சேரிக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கிடக்கின்றது. வலசை வரும் சிறகிகளும், கூட்டமாய் இறங்கும் பூநாரைகளும், இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியும் அங்கே காணக் கிடைக்கும். அவற்றைப் படமெடுக்கத் தொலைவிலிருந்து வருவோர் பலர். இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

படமெடுத்தல் ஆகுமா என வினவுவோர் நம்மிடையே இன்றும் உண்டு. எகிப்தின் முப்தியாயிருந்த முஹம்மது பகீத் அல்-முதீஈ அவர்கள் இதன்பொருட்டுத் தனி நூலே யாத்தார்கள். கருவியால் எடுக்கும் படம் புதிதாய் ஒன்றைப் படைப்பதன்று, நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்பது அவர்கள் துணிபு. மாறுபட்ட ஆலிம்களும் உளர். அவ்விவாதத்தை அவர்களுக்கே விட்டு, வரலாற்றின்பால் செல்வோம்.

ஒளிப்படம் தோன்றாத நாளில் அப்பணியைத் தூரிகை செய்தது. 1605 முதல் 1627 வரை ஆண்ட ஜஹாங்கீர் பயணம் புறப்பட்டால் ஓவியரும் உடன் செல்வர். காஷ்மீரில் மன்ஸூர் நூற்றுக்கு மேற்பட்ட மலர்களை வரைந்ததைப் பேரரசரே தம் குறிப்பேட்டில் எழுதுகிறார். லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு வளர்த்த சாரசக் கொக்குகள் முட்டையிட்டு அடைகாத்ததையும் அவர் விடாது குறித்து வைத்தார். மன்ஸூர் வரைந்த சைபீரியக் கொக்கு இன்றும் நம்மிடம் உள்ளது. மேனாட்டறிஞர் பாலஸ் அப்பறவையை அறிவியலுக்கு அறிமுகம் செய்தது 1773இல். மன்ஸூரோ அவருக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு முந்தியவர். பரத்பூருக்கு வலசை வந்துகொண்டிருந்த அக்கொக்குகள் 2002க்குப் பின் அங்கே வரவேயில்லை. பறவை போயிற்று, சாட்சி நின்றது. முகலாய மன்னர்களின் இவ்வியற்கை அறிவை ஆராய்ந்து 1920களில் கட்டுரை வரைந்தவர் பம்பாய் ஸாலிம் அலீ என்பதும் நினைக்கத் தக்கது.

வேளச்சேரிக்கு அண்மையிலேயே, மயிலாப்பூரில், மா. கிருஷ்ணன் வாழ்ந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் மைந்தர். காடுதோறும் அலைந்து கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். பல உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு கருவியும் அமைத்துக்கொண்டார். 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ ஏட்டில் தாம் கண்டதை எழுதி வந்தார். படத்தையும் குறிப்பையும் பிரிக்காதவர் அவர். நமக்கு அவரிடம் பிடித்ததும் அதுவே.

ஹதீஸ் கலை பயின்றோர் இதன் அருமையை எளிதில் உணர்வர். இஸ்னாது இல்லாத செய்திக்கு அங்கே எடையில்லை. இடமும் நாளும் எடுத்தவர் பெயரும் அறியப்படாத பறவைப் படமும் அத்தகையதே. அழகிருக்கும், ஆதாரம் இராது. இன்றைய கருவி நாளையும் நேரத்தையும் தானே பொறித்துவிடுகிறது. ஆயினும் அறிவிப்பவரின் நேர்மையை எக்கருவி பொறிக்கும்? கூட்டை நெருங்கித் தாய்ப்பறவையை எழுப்பி எடுத்த படத்தை நாம் ஏற்கமாட்டோம். பயணமொன்றில் தோழர்கள் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்து வட்டமிட்டது கண்டு, அவற்றைத் திருப்பித் தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்க, அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். அதுவும் ஒரு பயணமே அன்றோ!

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் பரந்திருந்ததென்பர். குடியிருப்பும் சாலையும் பெருங்குடிக் குப்பைமேடும் அதனை விழுங்கின. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாயிற்று. 2022இல் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. எங்கு வரை நீர் நின்றது, எப்பறவை எத்தெருவின் இடத்தில் மேய்ந்தது என்று வழக்கு எழுமானால் பழைய படங்களும் சாட்சி கூறவேண்டும். வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் பெட்டிக்குள் அத்தகைய படம் வைத்திருப்போர், எடுத்த ஆண்டும் நின்ற இடமும் நினைவிலிருக்கும்போதே அதன் பின்புறத்தில் எழுதிவைப்பார்களாக.