ரூட் செய்தலின் தோல்விகள்: ஆண்ட்ராய்டுக் கைப்பேசி வரலாற்றில் பிழைநீக்கக் குறிப்புகள் தரும் சான்று (2008–2016)

முன்னுரை

ஆண்ட்ராய்டுக் கைப்பேசியை ரூட் செய்தலின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரிசையாகவே சொல்லப்பட்டு வருகிறது. எந்தக் கைப்பேசி எந்த மாதத்தில் திறக்கப்பட்டது, எந்தக் கருவிக்குப் பின் எந்தக் கருவி வந்தது என்பனவே அதன் உள்ளடக்கம். அக்காலச் செய்முறைக் குறிப்புகளின் இயல்போ வேறானது. செய்ய வேண்டியவை சில வரிகளில் முடிந்துவிட, ‘இவ்வாறு நிகழாவிட்டால்’ என்னும் பகுதியே நீண்டு செல்லும். கணினி கைப்பேசியை அடையாளங் காணவில்லை, கட்டளைக்கு அனுமதி மறுக்கப்பட்டது, நிறுவனச் சின்னத்தோடு திரை நின்றுவிட்டது, மறுதொடக்கத்துக்குப் பின் ரூட் மறைந்துபோயிற்று என்னும் முறையீடுகளும் அவற்றுக்கான மறுமொழிகளும் அப்பகுதியில் இடம்பெறும்.

இக்கட்டுரை அத்தகைய தோல்விகளையே சான்றாகக் கொள்கிறது. முயற்சி எந்த இடத்தில் தடைபட்டது என்று பார்த்தால், பூட்டு எந்த அடுக்கில் இடப்பட்டிருந்தது என்பது புலனாகும். பூட்டை இட்டவர் யார், விலை கொடுத்து வாங்கியவருக்கு எவ்வளவு விட்டுவைத்தார் என்பதும் உடன் தெரியவரும்.

பயனர் எண் சுழியம்

‘ரூட்’ என்பதை ‘வேர்’ என மொழிபெயர்த்தால் சொல் கிடைக்கிறது, பொருள் கிடைப்பதில்லை. ஆகவே வழக்கில் நிலைத்துவிட்ட ‘ரூட்’ என்னும் வடிவமே இங்கு ஆளப்படுகிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. 0 என்னும் எண்ணுக்குரியவர் ரூட். கோப்புகளுக்கு இடப்பட்ட அனுமதி வரம்புகள் அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. பிற பயனர் ஒருவர் அந்நிலையை அடைவதற்கான ‘சு’ என்னும் கட்டளை, 1971இல் வெளிவந்த முதற்பதிப்புக் கையேட்டிலேயே காணப்படுகிறது. ஒரு நிரலை இயக்குபவர் யாராயினும் அந்நிரல் அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்கச் செய்யும் ‘செட்யுஐடி’ முறையை டென்னிஸ் ரிட்சி வகுத்தார். 1973இல் விண்ணப்பிக்கப்பட்ட இதற்கான காப்புரிமை 1979இல் வழங்கப்பட்டது.

அன்றைய கணினி பலர் பகிர்ந்துகொண்ட பொதுப்பொருள். நிருவகிப்பவர் ஒருவர், பயன்படுத்துவோர் பலர் என்ற பிரிவினைக்கு அங்கே நியாயம் இருந்தது. லினக்ஸ் கருவின்மீது எழுப்பப்பட்ட ஆண்ட்ராய்டு இப்பிரிவினையை ஏற்று, அதன் பொருளை மாற்றியமைத்தது. கைப்பேசியில் நிறுவப்படும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண் வழங்கப்பட்டது. ஒரு செயலி மற்றொன்றின் தரவைத் தொடாதிருக்க இது சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும், யூனிக்ஸ் நோக்கில் ‘பயனர்’ என்னும் இடத்தைச் செயலிகள் பெற்றுக்கொண்டன. சுழியம் என்னும் எண் உற்பத்தியாளர் அமைத்த நிரல்களுக்கே உரியதாயிற்று. கைப்பேசியைக் கையில் வைத்திருக்கும் மனிதருக்கு இந்த அட்டவணையில் எண்ணே இல்லை. ரூட் செய்தல் என்பது அவ்விடத்தைக் கோருவதாகும்.

ஜி1: தட்டச்சு செய்தது கட்டளையான கதை

ஆண்ட்ராய்டில் இயங்கிய முதல் விற்பனைக் கைப்பேசி எச்டிசி தயாரித்த ‘ட்ரீம்’. அமெரிக்காவில் 2008 அக்டோபரில் டி-மொபைல் நிறுவனம் இதை ‘ஜி1’ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே அதில் விந்தையான பிழையொன்று வெளிப்பட்டது. உருவாக்கக் காலத் தேவைக்காக வைக்கப்பட்டிருந்த ரூட் அதிகாரமுடைய கட்டளைச் சாளரம் ஒன்று நீக்கப்படாமல் பின்னணியில் இயங்கிக்கொண்டிருந்தது. பொத்தான் விசைப்பலகையில் தட்டப்பட்ட ஒவ்வோர் எழுத்தும், திரையில் தெரிந்த செயலிக்குச் சென்றதோடு அக்கட்டளைச் சாளரத்துக்கும் சென்றது. நண்பருக்கு எழுதும் செய்தியில் ‘ரீபூட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தனிவரியில் தட்டி எண்டர் விசையை அழுத்தினால் கைப்பேசி உண்மையாகவே மறுதொடக்கம் கொண்டது.

இதையே வாயிலாகக் கொண்டு ரூட் நிலை அடையப்பட்டது. ‘டெல்நெட்டி’ என்று தட்டி எண்டர் அழுத்தினால் தொலைவிணைப்புச் சேவை ரூட் அதிகாரத்தோடு தொடங்கும். பின்னர் டெல்நெட் செயலி ஒன்றின்வழி அதே கைப்பேசியோடு இணைந்தால் # என்னும் குறி தோன்றும். செய்முறை இவ்வளவே. ஆனால் பலருக்கு இணைப்பு கிடைக்கவில்லை. அதற்கான காரணத்தை அறிய, கண்ணுக்குத் தெரியாத அக்கட்டளைச் சாளரம் எவ்வாறு வேலை செய்தது என்பதை உய்த்துணர வேண்டியிருந்தது. கடைசியாக எண்டர் அழுத்தியதற்குப் பின் தட்டியவை அனைத்தும் ஒரே வரியாக அங்கே சேர்ந்துகொண்டிருக்கும். அவற்றோடு கட்டளைச் சொல்லும் ஒட்டிக்கொண்டால் அது பொருளற்ற வரியாகிவிடும். எனவே முதலில் இருமுறை எண்டர் அழுத்துக என்னும் அறிவுரை பிறந்தது. தட்டும்போது முகப்புத் திரையில் தொடர்புப் பட்டியல் தேடல் திறந்துகொண்டால் அதைப் பொருட்படுத்த வேண்டா என்ற குறிப்பும் உடன் சேர்ந்தது.

மற்றொரு தோல்விக்கு இத்தகைய எளிய மருந்து இல்லை. எவ்வளவு கவனமாகத் தட்டினாலும் எதுவும் நிகழாத கைப்பேசிகள் இருந்தன. அவை ஆர்சி30 என்னும் புதிய நிலைபொருளைக் காற்றுவழிப் புதுப்பிப்பாகப் பெற்றுவிட்டவை. அத்தகையோர் பழைய ஆர்சி29 பதிப்புக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நினைவக அட்டையை எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்து, பழைய நிலைபொருட் கோப்பை உரிய பெயரில் அதில் இட்டு, கேமரா விசையை அழுத்தியவாறே கைப்பேசியை இயக்க வேண்டும். நாட்டு அடையாளம் பொருந்தவில்லை எனப் பூட்லோடர் மறுத்த கருவிகளுக்குக் ‘கோல்ட்கார்டு’ எனப்பட்ட தனி அட்டை தேவைப்பட்டது.

ஆர்சி30 புதுப்பிப்பு நியாயமானதா என்னும் வினாவுக்கு ஒருசொல் விடை தர இயலாது. செய்தியில் தட்டும் சொல் கோப்புகளை அழிக்கக்கூடிய கைப்பேசியை எந்நிறுவனமும் அப்படியே விட்டுவைக்க முடியாது. அதே சமயம், உடைமையாளருக்கு ரூட் நிலையைத் தந்த ஒரே வழியும் அப்புதுப்பிப்பால் அடைபட்டது. அதற்கு ஈடாக முறையான வழி எதுவும் திறக்கப்படவில்லை. பழுதுபார்த்தலும் பூட்டுதலும் ஒரே செயலாக அமைந்த இந்நிலை பின்வந்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது.

தோல்வி போலத் தோன்றிய வெற்றி

2010இல் வெளிவந்த ‘ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி கேஜ்’ என்னும் நிரல் தனித்து நோக்கத்தக்கது. கணினியோடு கைப்பேசியை இணைக்கும் ஏடிபி சேவை, தொடங்கும்போது ரூட்டாக இருந்து, பின் ‘செட்யுஐடி’ அழைப்பின்வழித் தன் அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு பயனருக்குரிய செயல்களின் எண்ணிக்கை உச்சவரம்பை எட்டிவிட்டால் இந்த அழைப்பு தோற்றுப்போகும். தோல்வியுற்றதா என்பதை ஏடிபி சரிபார்க்கவில்லை. எனவே மேற்சொன்ன நிரல், வரம்பை எட்டும்வரை செயல்களைப் பெருக்கிவிட்டு ஏடிபியை நிறுத்தியது. மீண்டும் எழுந்த ஏடிபி அதிகாரத்தைக் குறைக்க முயன்று, அது நிறைவேறாததை அறியாமல், ரூட்டாகவே நீடித்தது.

இதன் விளைவாகப் பயன்படுத்துவோர் முதலில் கண்டது இணைப்பு அறுந்த காட்சியே. நிரல் பழுதாயிற்றெனக் கருதி மின்கலத்தைக் கழற்றியவர், கிடைக்கவிருந்ததைத் தாமே இழந்தார். காத்திருந்து, கணினியில் ஏடிபி சேவையை நிறுத்தி மீண்டும் தொடங்குக. $ குறி # ஆக மாறியிருக்கும் என்பதே பிழைநீக்கக் குறிப்புகளின் அறிவுரை. 2011இல் லினக்ஸ் கருவின் 3.1 பதிப்பு இவ்வழைப்பின் நடத்தையையே மாற்றியமைத்தது.

இவ்வரலாற்றை உரிமைப் போராட்டமாக மட்டும் எழுதுவோர் 2011 மார்ச்சு மாதத்தைக் கடந்து செல்வதுண்டு. அம்மாதம் ‘டிராய்ட்ட்ரீம்’ என்னும் தீநிரல் கூகுளின் செயலிச் சந்தையிலேயே 50க்கும் மேற்பட்ட செயலிகளுக்குள் மறைந்திருந்தது கண்டறியப்பட்டது. அது பயன்படுத்திய ஓட்டைகளுள் ஒன்று மேற்கூறிய இதே ஓட்டை. உடைமையாளர் நுழையும் வாயில் திருடருக்கும் திறந்தே இருந்தது. ஆயினும் உடைமையாளர் அவ்வாயிலை நாடியதற்குக் காரணம், அவருக்கென வேறு வாயில் வைக்கப்படாமையே. 2010 சனவரியில் கூகுள் விற்ற நெக்சஸ் ஒன் கைப்பேசியில், உத்தரவாதம் இழக்கப்படும் என்னும் எச்சரிக்கையோடு, பூட்லோடரைத் திறக்கும் கட்டளை இருந்தது. அக்கருவியின் உடைமையாளர் ஓட்டை தேட வேண்டிய தேவை எழவில்லை.

ஜி2: பொய் சொன்ன நினைவகம்

2010 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த எச்டிசியின் ஜி2 கைப்பேசி, பிழைநீக்க வரலாற்றில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அதில் ரூட் நிலை எளிதில் கிட்டியது. தேவையற்ற செயலியை அமைப்பு அடைவிலிருந்து நீக்கலாம். பட்டியலிட்டுப் பார்த்தால் அது இராது. மறுதொடக்கம் செய்தவுடன் நீக்கிய செயலி திரும்ப வந்திருக்கும், ரூட்டும் மறைந்திருக்கும்.

முதலில் எழுந்த விளக்கம் இயல்பானதே: கைப்பேசிக்குள் மறைவான ஏதோ ஒன்று மாற்றங்களைக் கண்டறிந்து பழைய கோப்புகளை மீட்டு எழுதுகிறது. நியூ அமெரிக்கா பவுண்டேசனைச் சேர்ந்த தொழில்நுட்பப் பிரிவு இதை வெளிப்படையாகக் கண்டித்தது. உண்மைக் காரணம் வேறாக இருந்தது. எவரும் எதையும் மீட்டு எழுதவில்லை. முதலில் எதுவும் எழுதப்படவே இல்லை. கைப்பேசி எழும்போதே பூட்லோடர் சேமிப்புச் சில்லுக்கு எழுத்துத் தடை இட்டுவிடும். அதன்பின் வரும் எழுத்துக் கட்டளைகளைச் சில்லு ஏற்பதில்லை. ஆனால் லினக்ஸ் கரு அண்மையில் கையாண்ட தரவைத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதிலிருந்தே விடையளிக்கும். பட்டியலில் செயலி இல்லை என்று தெரிந்தது அத்தற்காலிக நினைவின் சாட்சியம்; சில்லில் செயலி அப்படியே இருந்தது.

நோயறிதல் மாறியதும் மருந்தும் மாறியது. மீட்டெழுதும் நிரலைத் தேடிய முயற்சி கைவிடப்பட்டது. சில்லுக்குச் செல்லும் மின்சாரத்தை ஓடும் கைப்பேசியிலேயே ஒருகணம் நிறுத்தி மீண்டும் தந்தால் தடை நீங்கும் என்பது கண்டறியப்பட்டது. 2010 நவம்பரில் நிலையான ரூட் கைகூடியது. பூட்டு இயங்குதளத்தைவிட்டு இறங்கி வன்பொருளின் விளிம்பை எட்டியிருந்ததை இத்தோல்வியே முதலில் அறிவித்தது.

இவ்வாண்டின் சூலையில்தான் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் விதிவிலக்கு, சட்டப்படி பெற்ற செயலிகளை இயக்கும் பொருட்டுக் கைப்பேசிப் பூட்டை உடைத்தலைப் பதிப்புரிமைச் சட்டத் தடையிலிருந்து விடுவித்தது. அவ்விதிவிலக்கு உடைப்பவரைத் தண்டனையிலிருந்து காத்தது. திறவுகோலைத் தருமாறு தயாரிப்பாளரைப் பணிக்கவில்லை. 2011இல் எச்டிசி பூட்லோடர் திறப்புக் கருவியை வெளியிட்டது அந்நிறுவனத்தின் சொந்த முடிவு.

2013க்குப் பின்

பின்வந்த மாற்றங்களைச் சுருக்கமாகக் கூறலாம். ஆண்ட்ராய்டு 4.3 பதிப்பில் செயலிகள் ‘செட்யுஐடி’ நிரல்களின்வழி அதிகாரம் பெறுவது தடுக்கப்பட்டது. நாற்பதாண்டுப் பழமையுடைய ‘சு’ முறை அத்துடன் பயனற்றுப்போய், பின்னணியில் ரூட்டாகக் காத்திருக்கும் சேவை அதன் இடத்தைப் பெற்றது. 5.0 பதிப்பில் எஸ்இலினக்ஸ் முழுமையாக நடைமுறைக்கு வந்ததால், பயனர் எண் 0 ஆக இருந்தும் அனுமதி மறுக்கப்படும் நிலை உருவாயிற்று. ரூட் என்பது எல்லாம் வல்லது என்னும் பழைய கருத்து இங்கே முடிவுற்றது. அமைப்புப் பகுதியில் ஓர் எழுத்து மாறினாலும் கண்டறியும் சரிபார்ப்பு வந்தபின், 2016இல் வெளிவந்த மேஜிஸ்க் அப்பகுதியைத் தொடாமல் தொடக்கப் படிமத்தை மட்டும் மாற்றியது. அப்போதிருந்து பிழைநீக்கக் குறிப்புகளின் பொருளும் மாறிவிட்டது. ரூட் பெறுவது எப்படி என்பதைவிட, அதைப் பணப் பரிமாற்றச் செயலியின் கண்ணிலிருந்து மறைப்பது எப்படி என்பதே மிகுதியாகக் கேட்கப்படலாயிற்று.

தமிழ் எழுத்துரு: ரூட்டின் எல்லை

தமிழ் வாசகருக்கு இவ்வரலாற்றோடு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 2 வரிசைக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை; தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் கட்டங்களே தெரிந்தன. வலைப்பக்கங்களை மட்டும் படிக்க விரும்பியோர் ஓப்பரா மினி உலாவியில், சிக்கலான எழுத்துகளைப் படமாக மாற்றித் தரும் அமைப்பைத் தெரிவுசெய்து தப்பினர். அதற்கு ரூட் வேண்டியதில்லை. குறுஞ்செய்தியிலும் தொடர்புப் பட்டியலிலும் தமிழைக் காண விரும்பியோர்க்கு, அமைப்பின் எழுத்துரு அடைவில் உள்ள மாற்றெழுத்துருக் கோப்பை நீக்கி, அதே பெயரில் தமிழ் எழுத்துருவை இடவேண்டியிருந்தது. அவ்வடைவு ‘படிக்க மட்டும்’ என்னும் நிலையில் இணைக்கப்பட்டிருந்ததால் ரூட் இன்றியமையாததாயிற்று. கோப்பை இட்டபின் அனைவரும் படிக்கத்தக்க அனுமதியை அதற்கு வழங்க மறந்தால், எழுத்துரு இருந்தும் செயலிகளால் அதைப் படிக்க இயலாது.

இவையனைத்தும் சரியாக முடிந்தபின்னும் ஒரு தோல்வி எஞ்சியது. கட்டங்கள் மறைந்து எழுத்துகள் தோன்றின, ஆனால் ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னே நின்றது, ‘கொ’ சிதறியது. ஒருங்குறியில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. திரையில் அதை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது எழுத்து வடிவமைப்பு நிரலின் பணி. அந்நிரலுக்குத் தமிழின் வரிசைமுறை கற்பிக்கப்படவில்லை. கோப்பை மாற்றும் அதிகாரத்தை ரூட் தந்தது. வடிவமைப்பு நிரலையே திருத்தவோ, திருத்திய இயங்குதளத்தைத் தொகுத்து நிறுவவோ வல்லவர் மிகச் சிலரே. எஞ்சியோர் கொம்பு இடம்மாறிய தமிழைப் படித்துப் பழகிக்கொண்டு, ஆண்ட்ராய்டு 4 வரிசைக் கைப்பேசிகள் விலை குறையும்வரை காத்திருந்தனர்.