ஆங்கிலம் பேசுவோருக்கான அடிப்படைத் தமிழ்: விருத்தாசலம் வழக்கு

அயல்மொழிக்காரர் தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் பேசிச் சமாளிக்க வேண்டிய சொற்களும் தொடர்களும் அடிப்படைத் தமிழ். இதற்கு ஏட்டுத் தமிழ் மட்டும் போதாது என்று கண்டு நூல் செய்தவர்களுள் முக்கியமானவர் வீரமாமுனிவர். விருத்தாசலம் வட்டாரத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயிலைக் கட்டிய இந்த இத்தாலியர், பேச்சுத் தமிழைக் 'கொடுந்தமிழ்' என்று சொல்லி, இலத்தீனில் அதற்கு எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. ஆங்கிலேயருக்கென்று ஜி. யு. போப்பின் கைந்நூலும், 1891இல் ஆர்டனின் இலக்கணமும் பிறகு வந்தன.

விருத்தாசலத்தில் ஊர்ப்பெயரே ஒரு பாடம். பழம்பெயர் திருமுதுகுன்றம். 'முது' வடமொழியில் 'விருத்த' ஆனது. 'குன்றம்' 'அசலம்' ஆனது. இவ்வூர்த் தொழிலின் பெயரான 'பீங்கான்' பாரசீகத்திலிருந்து வந்தது.

மண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, சூளையில் சுட்ட அகல்களும் கொலு பொம்மைகளும் அடுக்கிய கடை. வாங்க வந்தவர் "இது எவ்வளவுங்க?" என்று தொடங்கலாம். விற்பவர் பெண்ணானால் 'அக்கா', ஆணானால் 'அண்ணா', முதிய ஆணானால் 'ஐயா'. பெயர் தெரிய வேண்டியதில்லை. பிறகு வருவது மிகப் பயனுள்ள தொடர்: "உடையாம கட்டிக் கொடுங்க." ஆங்கிலத்தில் பல சொல் வேண்டிய எதிர்மறை, இங்கே வினையின் வாலில் 'ஆம' என்று ஒட்டிக்கொள்கிறது. 'நன்றி' கடிதத்துக்கும் மேடைக்கும் உரியது. கடையில் "சரிங்க, போயிட்டு வர்றேன்" என்பதே இயல்பு. வெறும் "போறேன்" கேட்பவருக்கு உறுத்தும்.

ஆங்கிலேயர் தடுமாறும் இன்னோர் இடம், 'யெஸ்'. "சின்ன அகல் இருக்கா?" என்றால் 'ஆமாம்' என்பதைவிட "இருக்கு" என்ற பதிலே முந்தி வரும். ஆங்கிலேயரின் அண்டை மொழியான வெல்ஷும் அப்படித்தான்: "ஓய்ஸ்?" என்று தொடங்கி 'இருக்கிறதா' எனக் கேட்டால் "ஓய்ஸ்" என்றே பதில். வேல்ஸ்காரருக்கு இந்தப் பாடத்தை விளக்க வேண்டியிருக்காது.

ஒலியில் ல, ள, ழ மூன்றும் தொல்லை. மண் என்றால் 'களி', கொம்பு என்றால் 'கழி'. ஆனாலும் பதறத் தேவையில்லை. உள்ளூரிலேயே பலர் 'பழம்' என்பதைப் 'பளம்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.