மக்தப் முற்றத்துச் சிவப்பு ரோஜாவும் ஒரு மாணவியின் கேள்வியும்

சென்ற ஆண்டு ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்காக விழுப்புரம் சென்றிருந்தோம். திரும்பும் வழியில், தள்ளுவண்டியில் செடி விற்ற ஒருவரிடமிருந்து பட்டன் ரோஜாக் கன்று ஒன்றை வாங்கினோம். கறுப்புப் பையில், தென்னை நார்க்கழிவில் நின்ற அச்செடி ஒரு சாண் உயரங்கூட இல்லை. ஆயினும் ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றே பெரிய நான்கு சிவப்புப் பூக்களைத் தாங்கி நின்றது. திண்டிவனத்தில் நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபின் முற்றத்தில், ஹவ்ளுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மண் உண்டு. அங்கே அதனை நட்டோம்.

மறுநாள் மாலை, பத்து வயது மாணவி ஒருத்தி குனிந்து பூவை முகர்ந்துவிட்டு நம்மிடம் வந்தாள். "ஹஜ்ரத், நபி (ஸல்) அவங்க வியர்வையிலேர்ந்துதான் ரோஜா வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? இதுல வாசமே இல்லையே?"

அவள் சொன்னது மெய். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக, மீலாத் மாதம் வந்தால் அந்தக் கதையை நாம் சொல்லியே வந்திருக்கிறோம். சிறுவயதில் செவிவழி கேட்டதை, நூலைப் புரட்டிப் பாராமல், அப்படியே பிள்ளைகளிடம் சேர்த்தோம். அன்றிரவு இஷாவுக்குப் பின் இமாம் ஸகாவீ (ரஹ்) அவர்களின் 'அல்மகாஸிதுல் ஹஸனா'வை எடுத்துப் பார்த்தோம். மக்கள் நாவில் புழங்கும் ஹதீஸ்களின் தரத்தை ஆராயவென்றே எழுதப்பட்ட நூல் அது. ரோஜா வியர்வையிலிருந்து படைக்கப்பட்டது என்னும் செய்தி சரியானதன்று என இமாம் நவவீ (ரஹ்) கூறியதையும், அது இட்டுக்கட்டப்பட்டது என ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) கூறியதையும் அவர் பதிவு செய்துள்ளார். நபியவர்கள் மீது பொய்யுரைப்பது எத்துணைப் பெரிய பாவம் என்று அதே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்களும் நாமே. அன்று உறக்கம் பிடிக்கவில்லை.

வியர்வையைப் பற்றிய ஆதாரப்பூர்வமான செய்தி வேறு. நபி (ஸல்) அவர்கள் உறங்குகையில் அவர்களது வியர்வையை உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் ஒரு குப்பியில் சேகரித்துத் தமது நறுமணப் பொருளோடு கலந்துகொண்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அதில் ரோஜா இல்லை. திருக்குர்ஆனில் 'வர்தா' என்னும் சொல் ஒரே ஓரிடத்தில், ஸூரத்துர் ரஹ்மானின் 37ஆம் வசனத்தில் வருகிறது. அங்கும் பேசப்படுவது தோட்டமன்று. மறுமை நாளில் பிளந்து சிவக்கும் வானம்.

அப்படியானால் இந்தச் சின்னப் பூ எங்கிருந்து வந்தது, இதற்கு ஏன் மணமில்லை? பிள்ளைக்கு விடை சொல்வதற்காகத் தேடத் தொடங்கினோம். ரோஜா என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை, வெவ்வேறு திசைகளிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

முதல் குடும்பம் மணத்தின் குடும்பம். நம் பெரியவர்கள் பன்னீர் ரோஜா என்று அழைத்த இளஞ்சிவப்புப் பூ அது. திமிஷ்க் நகரின் பெயரைத் தாங்கியது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தீ, நறுமணப் பொருள்களை வாலை வடிக்கும் முறைகளைத் தனி நூலாகவே எழுதினார். பாரசீகத்தில் 'குல்' என்றால் பூ, 'ஆப்' என்றால் நீர். ஆக 'குலாப்' என்பது பூவின் பெயரன்று, பன்னீரின் பெயர். உருது பேசும் நம் வீடுகளில் நாளடைவில் அது பூவுக்கே பெயராகிவிட்டது. குல்கந்தும் குலாப் ஜாமூனும் அதே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். மலேசியாவில் வாழும் உறவினர் ரோஜாவை 'மாவார்' என்பது, பன்னீரைக் குறிக்கும் 'மாஉல் வர்த்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு.

அத்தரின் கதையை மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரே தமது நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் பன்னீர் தயாரிக்கையில், சூடான நீரின் மேல் எண்ணெய்ப் படலம் திரள்வதைக் கண்டு அதைச் சிறிது சிறிதாகச் சேகரித்தார்; ஸலீமா சுல்தான் பேகம் அதற்கு 'இத்ரே ஜஹாங்கீரி' எனப் பெயரிட்டார். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும் என்பதை அறிந்தால், அத்தர்க் கடைக்காரர் சொல்லும் விலைக்கு நாம் முகம் சுளிக்கமாட்டோம்!

நம் வட்டாரத்திற்கும் இந்தப் பாரசீக மரபு அயலானதன்று. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள செஞ்சி, 1649இல் பீஜப்பூர் சுல்தான்களிடமும் 1698இல் மொகலாயரிடமும் வந்தது. கோட்டைக்குள் 1717-18இல் எழுந்த சஅதத்துல்லாஹ் கான் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. நிக்காஹ் மஜ்லிஸின் வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கும் பிள்ளை, அந்த நீண்ட வழக்கத்தின் கடைசிக் கண்ணி.

இரண்டாவது குடும்பம் நிறத்தின் குடும்பம். நம் முற்றத்துப் பூ இதைச் சேர்ந்தது. இதன் தாயகம் சீனா. பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டுமே பூக்கும். அவற்றின் சிவப்பும் ஊதா கலந்தது. சீன ரோஜாவோ மாதந்தோறும் பூத்தது, கலப்பற்ற சிவப்பையும் தந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் 1790களை ஒட்டி அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தன. அக்கப்பல்களின் வழியில் கல்கத்தா இருந்ததால் ஐரோப்பியர் அதனை 'வங்காள ரோஜா' என்றனர். தாவரவியலாரோ 'இண்டிகா' என்றும் எழுதினர். சீனத்துப் பூவுக்கு நம் நாட்டின் பெயர்! கதைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அச்சீன ரோஜாவின் குள்ள வகை ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தொட்டிச் செடியாக விரும்பப்பட்டு, பின்னர் நாகரிகம் மாற மறக்கப்பட்டது. அரண்மனைத் தோட்டங்கள் கைவிட்ட அதனைக் காப்பாற்றியவை எளிய வீடுகளின் சன்னல் திண்ணைகள். முதல் உலகப் போர்க் காலத்தில், சுவிட்சர்லாந்தின் மோபோர்ஜே என்னும் மலைக் கிராமத்தில், பல தலைமுறைகளாகத் தொட்டிகளில் வளர்ந்துவந்த குள்ள ரோஜாவை ரூலே என்னும் இராணுவ அதிகாரி கண்டார். அவர் தம் நண்பரான தாவர வளர்ப்பாளர் ஹென்றி கொரெவோனிடம் சொல்ல, இருவரும் தேடிச் சென்றபோது அக்கிராமம் தீக்கிரையாகியிருந்தது. அருகிலிருந்த மற்றோர் ஊரில் ஒரு செடி எஞ்சியிருந்தது. அதிலிருந்து கிளைகளை வெட்டி வளர்த்து, நண்பரின் பெயராலேயே 'ரூலேட்டீ' என்றழைத்தார் கொரெவோன்.

ஹாலந்தின் போஸ்கோப் நகரில் யான் டி வின்க் என்பவர் அதைக் கொண்டு உருவாக்கிய, நடுவில் வெண்மை தோய்ந்த சிவப்புக் குள்ள ரோஜா 1936இல் 'டாம் தம்ப்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பின்னர் கலிபோர்னியாவின் ரால்ப் மூர் நூற்றுக்கணக்கான குள்ள வகைகளை உருவாக்கினார். 1907இல் பிறந்த அவர் 2009வரை வாழ்ந்தார். இன்று விழுப்புரத்துத் தள்ளுவண்டியில் நிற்பது இந்த வழியில் வந்த கன்றே.

மணம் எங்கே போயிற்று? வளர்ப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாக நிறத்தையும், குள்ள வடிவையும், வாடாத் தன்மையையும் பார்த்தே செடிகளைத் தேர்ந்தனர். மணத்தை யாரும் தேடவில்லை. ரோஜா மணத்திற்குத் தேவையான ஒரு நொதி, மணமுள்ள வகைகளில் மிகுந்தும் மணமற்றவற்றில் மிகக் குறைந்தும் இருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டனர்.

வளர்ப்பைப் பற்றி ஆர்வமுள்ள தாய்மார்களுக்காகச் சில சொற்கள். பட்டன் ரோஜா பொதுவாக ஒட்டுக்கன்றன்று, கிளையை நட்டு வேர்பிடிக்கச் செய்தது. ஆகவே அடியிலிருந்து காட்டு ரோஜாத் துளிர் எழும்பி மேற்செடியை விழுங்கும் தொல்லை இல்லை. செம்மண், மணல், மக்கிய எரு கலந்த ஓரடி ஆழத் தொட்டியே போதும். ஆறு மணி நேர வெயில் வேண்டும். நாம் முதலில் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரையே ஊற்றினோம். இலை விளிம்புகள் கருகின. மழைநீரைப் பிடித்து ஊற்றத் தொடங்கிய பின்னரே தேறியது. கோடையில் இலையின் அடிப்புறம் செம்பேன் பற்றியபோது, காலையில் இலைகளின் கீழே தண்ணீரை வேகமாகப் பீச்சியடித்ததில் பெரிதும் குறைந்தது. வாடிய பூவை, கீழே ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலைக்குச் சற்று மேலே கிள்ளிவிட்டால் புதுத் துளிர் வரும். இப்பணி பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. மொட்டுகளையும் கிள்ளிவிடுகிறார்கள் என்பது வேறு.

நூலைப் பார்த்த மறுநாளே வகுப்பில், இதுகாறும் நாம் சொல்லிவந்தது சரியான செய்தி அன்று என்று எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் சொல்லிவிட்டோம். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் அந்தச் சிறுமியே எழுந்து, "அப்ப எங்க அக்காவுக்கும் நீங்க அப்படித்தானே சொல்லிக் கொடுத்தீங்க, அவளுக்கு யார் சொல்றது?" என்று கேட்டாள். அவளுடைய அக்கா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளைப் போல் ஓதிச் சென்ற பிள்ளைகள் பலர். இக்கட்டுரையை எழுதியதும் அவர்களுக்காகவே.

சிவப்பு ரோஜாவின் பக்கத்தில் பன்னீர் ரோஜாக் கன்று ஒன்றையும் இப்போது நட்டிருக்கிறோம். அது இன்னும் பூக்கவில்லை.