வேலை தெரியும், தாள் இல்லை

கற்பிட்டியில் ஓ.எல். முடிந்த பிள்ளையிடம் கேட்கிற முதல் கேள்வி இப்போ "என்ன கோர்ஸ் செய்யப் போறீங்க?" என்பதுதான். எங்கட வாப்பாமார் காலத்தில் "யாரோட கடலுக்குப் போற? யார்ட கராஜில நிக்கிற?" என்றுதான் கேட்டார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் ஒரு வரலாறு இருக்கு.

1807இல் இந்த ஊரில் பிறந்த சைமன் காசிச்செட்டி இளம் வயதிலேயே அரசாங்க மொழிபெயர்ப்பாளரானார். பிறகு மணியகாரர். 1834இல் இலங்கை பற்றிய 'கசற்றியர்' நூலை வெளியிட்டார். 1838இல் சட்டநிரூபண சபை, 1845இல் சிவில் சேவை. அவருக்குக் கந்தோரே பயிற்சிக்கூடம். ஆனால், அந்தக் கதவு ஆங்கிலம் தெரிந்த ஒரு சிலருக்குத்தான் திறந்தது. கரைவலை இழுத்தவர்களின் பிள்ளைகள் வலையிலேயே தொழில் படித்தார்கள். அதற்கு யாரும் தாள் கொடுக்கவில்லை.

தாள் கொடுக்கிற இடங்கள் தூரத்தில்தான் வந்தன. கொழும்பு மருதானையில் 1893இல் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. வேலைத்தளத்திலேயே ஒப்பந்தத்தோடு பழகுகிற முறைக்கு 1971இன் 49ஆம் இலக்க தேசிய பயிலுநர் சட்டம் வந்தது. படித்தும் வேலை கிடைக்காத இளைஞர்கள் ஏப்ரலில் கிளர்ச்சி செய்த அதே வருஷம் அது. அந்தப் பயிலுநர் சபையின் இடத்தில் இன்று இருப்பதுதான் நாங்கள் 'நைட்டா' என்கிற அதிகாரசபை. 1990இன் 20ஆம் இலக்கச் சட்டம் அதை உருவாக்கியது.

1990ஐ எங்கட ஊர் வேறொன்றுக்காக ஞாபகம் வைத்திருக்கிறது. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் வந்து கற்பிட்டியில் கரையேறினார்கள். மீனவர், தையல்காரர், மேசன், மெக்கானிக் என்று தொழில் தெரிந்த கைகள் வந்தன. காணி உறுதி, சேர்ட்டிபிக்கட் எல்லாம் பலருக்குப் பின்னால் நின்றுவிட்டன. முகாமில் இருந்துகொண்டு கூலி வேலையிலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

பிறகு என்.வி.கியூ. வந்தது. ஏழு மட்டங்கள், முதல் நான்கு சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கு: 'முன்கற்றலை அங்கீகரித்தல்'. வகுப்புக்குப் போகாமலே தொழில் பழகியவர் தன் அனுபவத்துக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்துகாட்டினால் சான்றிதழ் பெறலாம். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தத் தாளின் பெறுமதி தெரியும்.

கோர்ஸ் தேடுகிற தம்பி தங்கைகளிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஃபோர்ம் எடுக்கப் போகும்போது வாப்பாவுக்கும் மாமாவுக்கும் இந்த வழியைப் பற்றி விசாரித்து வாங்க. முப்பது வருஷம் போட் எஞ்சின் கழற்றிப் பூட்டுகிறவரிடம் "படிப்பு இல்லை" என்று இனியும் யாரும் சொல்லக் கூடாது.