டிசி அவந்தி

டிசி அவந்தி என்பது இந்தியாவில் வடிவமைக்கப்பட்டுத் தயாரிக்கப்பட்ட, இருவர் அமரக்கூடிய, நடுப்பொறி அமைப்பு கொண்ட ஒரு விளையாட்டுத் தானுந்து ஆகும். மும்பையைச் சேர்ந்த வடிவமைப்பாளர் திலீப் சாப்ரியாவின் டிசி டிசைன் நிறுவனம் இதனை உருவாக்கியது. 2012 ஆம் ஆண்டு சனவரியில் தில்லி தானுந்துக் கண்காட்சியில் முதன்முறையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2015 இல் விற்பனைக்கு வந்தபோது இதன் விலை ஏறத்தாழ 36 லட்சம் ரூபாய். "இந்தியாவின் முதல் சூப்பர்கார்" என்று விளம்பரப்படுத்தப்பட்ட போதிலும், அதன் திறன் அளவுகளை நோக்கினால் விளையாட்டுத் தானுந்து என்னும் வகைக்குள் அடக்குவதே பொருத்தமாகும். இவ்வண்டி தற்போது உற்பத்தியில் இல்லை.

பின்னணி

திலீப் சாப்ரியா அமெரிக்காவின் பாசடீனா நகரிலுள்ள கலை மைய வடிவமைப்புக் கல்லூரியில் பயின்றவர். 1993 இல் தொடங்கப்பட்ட அவரது நிறுவனம், பிறர் தயாரித்த தானுந்துகளின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் மாற்றியமைத்துத் தருவதன் மூலம் அறியப்பட்டது. 2003 இல் டெட்ராய்ட் கண்காட்சியில் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனம் வைத்த ஏஎம்வி8 வாண்டேஜ் மாதிரி வண்டியும் இங்கு கட்டப்பட்டதே. 2004 இல் வெளிவந்த "டார்சான்: தி ஒண்டர் கார்" என்னும் இந்தித் திரைப்படத்தில் தோன்றும் ஊதா நிற வண்டி, டொயோட்டா எம்ஆர்2 என்னும் தானுந்தின் மீது இந்நிறுவனம் புதிய உடலைப் பொருத்தி உருவாக்கியதாகும். எம்ஆர்2 வும் ஒரு நடுப்பொறி வண்டியே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

நடுப்பொறி அமைப்பு

உந்துபொறியானது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அமைந்திருப்பின் அது நடுப்பொறி அமைப்பு எனப்படும். வழக்கில் இச்சொல் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னும் பின் அச்சுக்கு முன்னும் பொறி அமைந்த வண்டிகளையே குறிக்கின்றது.

இவ்வமைப்பின் முதன்மைப் பயன் நிலைமத் திருப்புத்திறன் குறைவதாகும். இது நிறையையும், சுழற்சி அச்சிலிருந்து அந்நிறை உள்ள தொலைவின் இருபடியையும் பெருக்கக் கிடைப்பது. எடுத்துக்காட்டாக, 200 கிலோகிராம் நிறையுள்ள பொறித்தொகுதி வண்டியின் நிறை மையத்திலிருந்து 1.4 மீட்டர் தொலைவில் இருந்தால் அதன் பங்கு 392 கிலோகிராம் மீட்டர்², அதையே 0.7 மீட்டருக்கு நகர்த்தினால் 98 மட்டுமே. தொலைவு பாதியாகும்போது பங்கு நான்கில் ஒன்றாகின்றது. எனவே திசைதிருப்பியைத் திருப்பியவுடன் வண்டி தாமதமின்றித் திரும்பும். மேலும், உந்துவிசை பெறும் பின் சக்கரங்களின் மீது எடை இருப்பதால் வேகமெடுக்கும்போது அவை எளிதில் வழுக்குவதில்லை.

ஆனால் இதே பண்பு மறுபுறமும் செயல்படும். வளைவில் பின் சக்கரங்கள் ஒருமுறை பிடிப்பை இழந்துவிட்டால், எளிதில் திரும்பும் வண்டி அதே எளிமையுடன் சுழன்றும் விடும். வளைவின் நடுவே முடுக்கியிலிருந்து திடீரெனக் காலை எடுப்பது இவ்வகை வண்டிகளில் ஆபத்தானது எனக் கூறப்படுவது இதனாலேயே.

உந்துபொறி

அவந்தியில் பயன்படுத்தப்பட்டது ரெனோ நிறுவனத்தின் எஃப்4ஆர் குடும்பத்தைச் சேர்ந்த, சுழலி மிகையூட்டி கொண்ட பெட்ரோல் பொறியாகும். வரிசையில் அமைந்த நான்கு உருளைகள், 16 தடுக்கிதழ்கள், 1998 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. உருளையின் விட்டம் 82.7 மில்லிமீட்டர், உந்துதண்டின் வீச்சு 93 மில்லிமீட்டர். உருளைக்கட்டு வார்ப்பிரும்பாலும் அதன் தலைப்பகுதி அலுமினியத்தாலும் ஆனவை. வார்ப்பிரும்பு எடை மிகுந்ததெனினும், மிகையூட்டியால் உண்டாகும் உயர் அழுத்தத்தைத் தாங்குவதற்கு ஏற்றது. இப்பொறியின் ஒரு வடிவம் ரெனோவின் மேகான் ஆர்எஸ் வண்டியில் பயன்படுத்தப்பட்டது.

இதன் உச்சத் திறன் ஏறத்தாழ 250 குதிரைத்திறன், உச்ச முறுக்குவிசை 340 நியூட்டன் மீட்டர். விட்டத்தை விட வீச்சு நீளமாக இருப்பதால் இது மிக உயர்ந்த சுழல்வேகங்களுக்கான பொறி அன்று. நிமிடத்திற்கு 5500 சுற்றுகளில் உந்துதண்டின் சராசரி வேகமே நொடிக்கு 17 மீட்டரைத் தொட்டுவிடும். மாறாக, மிகையூட்டியின் துணையால் குறைந்த சுற்றுகளிலேயே முறுக்குவிசை கிடைக்கின்றது. நகரச் சாலைகளுக்கு இதுவே உகந்தது.

மேகானில் இப்பொறி முன்புறம் குறுக்குவாட்டில் அமைந்து முன் சக்கரங்களை இயக்கியது. பொறி, பற்சக்கரப் பெட்டி, வேறுபாட்டியக்கி ஆகிய மூன்றும் ஒரே தொகுதி. அத்தொகுதியை அப்படியே எடுத்து இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தால் பின் சக்கரங்களை இயக்கும் நடுப்பொறி வண்டி கிடைத்துவிடும். சுழற்சித் திசைகூட மாறுவதில்லை. பற்சக்கரம் மாற்றும் கம்பிவடங்களும் குளிர்விப்புக் குழாய்களும் நீள வேண்டும், அவ்வளவே. இத்தாலியின் ஃபியட் எக்ஸ்1/9, மேற்கூறிய எம்ஆர்2, பிரித்தானியாவின் லோட்டஸ் எலீஸ் ஆகியன எல்லாம் இவ்வழியில் பிறந்தவையே. சிறு நிறுவனமொன்று சொந்தமாகப் பொறி வடிவமைக்காமல் நடுப்பொறி வண்டி செய்வதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆகவே வெளியாரின் பொறி என்பதற்காக அவந்தியைக் குறை கூறுவது சரியன்று.

குளிர்விப்பு இவ்வமைப்பின் கடினமான பகுதி. முன்புறப் பொறிக்கு எதிர்க்காற்று நேரே கிடைக்கும். நடுப்பொறிக்குப் பக்கவாட்டுத் துளைகளின் வழியே காற்றைக் கொண்டுவர வேண்டும். மே மாத நண்பகலில் சைதாப்பேட்டையிலிருந்து கிண்டி வரை ஊர்ந்து செல்லும் நெரிசலில் அத்துளைகளால் பயன் சிறிதே, மின்விசிறிகளையே நம்ப வேண்டியிருக்கும்.

சட்டகமும் எடையும்

எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து உருவாக்கிய சட்டகத்தின் மீது கலப்புப்பொருள் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. நீளம் 4565, அகலம் 1965, உயரம் 1200, அச்சிடைத் தொலைவு 2700 மில்லிமீட்டர். தரை இடைவெளி 170 மில்லிமீட்டர் என அறிவிக்கப்பட்டது. இது சாதாரணக் குடும்ப வண்டிகளுக்கு இணையானது. இந்தியச் சாலைகளின் வேகத்தடைகளைக் கருதிச் செய்யப்பட்ட அறிவார்ந்த முடிவு எனலாம். சக்கரங்கள் 20 அங்குல விட்டமுடையவை. ஆறு வேகக் கைமுறைப் பற்சக்கரப் பெட்டி இணைக்கப்பட்டிருந்தது.

வண்டியின் எடை 1,580 கிலோகிராம் அளவில் இருந்தது. அதாவது ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 158 குதிரைத்திறன். இதே பொறியைக் கொண்ட, ஐந்து பேர் அமரக்கூடிய மேகான் ஆர்எஸ் 250 இன் எடை 1,400 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. அதன் விகிதம் டன்னுக்கு 180. நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏறத்தாழ 6 நொடிகளில் எட்டும் என்பது நிறுவனத்தின் கூற்று. தோற்றத்தில் காணப்படும் வேகம் எண்களில் காணப்படாமைக்கு எடையே காரணம். 2017 இல் 310 குதிரைத்திறன் கொண்ட "அவந்தி 310" என்னும் வடிவம், 31 வண்டிகள் மட்டுமே என்ற அறிவிப்புடன் வெளியிடப்பட்டது.

பிற இந்திய நடுப்பொறி வண்டிகள்

பந்தயக் களத்தில் இவ்வமைப்பு தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவரதன், மாருதி 800 இன் மூன்று உருளைப் பொறியைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வைத் தொடங்கியது இவ்வகை வண்டியில்தான். கரிவரதன் 1995 இல் வானூர்தி விபத்தில் காலமானார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

டாட்டா மோட்டார்சு 2017 மார்ச்சில் செனீவாக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய ரேசிமோ, 1.2 லிட்டர் மூன்று உருளைப் பொறியை நடுவில் கொண்டது. 190 குதிரைத்திறன் என அறிவிக்கப்பட்ட அவ்வண்டி உற்பத்திக்கு வரவில்லை.

2020 ஆம் ஆண்டு வழக்கு

2020 திசம்பரில் மும்பைக் காவல்துறை, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட ஓர் அவந்தியைக் கைப்பற்றியது. அவ்வண்டியின் பொறி எண்ணும் சட்டக எண்ணும் அரியானாவில் பதிவான மற்றொரு வண்டிக்கும் உரியனவாக இருந்ததாகக் காவல்துறை தெரிவித்தது. ஒரே வண்டியின் பேரில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் செய்து நிதி நிறுவனங்களிடம் கடன் பெறப்பட்டது என்பது குற்றச்சாட்டு. திலீப் சாப்ரியா அம்மாத இறுதியில் கைது செய்யப்பட்டார். இவ்வழக்கை முதலில் விசாரித்த காவல் அதிகாரி சச்சின் வாசே 2021 மார்ச்சில் வேறொரு வழக்கில் தேசியப் புலனாய்வு முகமையால் கைது செய்யப்பட்டு, பின்னர் பணிநீக்கமும் செய்யப்பட்டார்.

சட்டக எண்ணும் பொறி எண்ணும் ஒரு வண்டிக்கு ஒன்று என்னும் அடிப்படையிலேயே இந்தியாவில் பதிவு, காப்பீடு, கடன் அடைமானம் ஆகிய அனைத்தும் இயங்குகின்றன. பயன்படுத்தப்பட்ட அவந்தி ஒன்றை வாங்குவோர், சட்டகத்தில் பொறிக்கப்பட்ட எண்ணைப் பதிவுச் சான்றிதழோடும் கடன் நிலுவை விவரத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.