அந்தியே உரைகல்: மறதிநோயருக்கு இல்லம் தேர்வது குறித்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

மறதிநோய் வந்த மூத்தவரை இல்லத்தில் சேர்க்க முடிவெடுக்கும் குடும்பம் பெரும்பாலும் காலை பதினொரு மணிக்குத்தான் இடம் பார்க்கப் போகிறது. தரை துடைத்துக் காய்ந்திருக்கும். பெரியவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். மேலாளர் காபி கொடுத்து, அறையைக் காட்டி, கட்டண விவரத்தை நீட்டுவார். அந்த நேரத்தில் கட்டடம் தெரியும்; பராமரிப்பு தெரியாது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான லாசி-டாட் ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோரை வீடுகளே தாங்குகின்றன. வீடு தாங்க முடியாத கட்டத்தில் எதைப் பார்த்து இல்லத்தைத் தேர்வது என்பதே இங்கு கேள்வி. மாலை ஐந்து முதல் ஏழு மணி வரை ஓர் இல்லம் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அதன் தரத்தைக் காட்டும் உரைகல் என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆட்கள், இடம், மருந்து, சட்டம் ஆகிய நான்கையும் அந்த நேரத்தை மையமாக வைத்தே பார்க்கிறோம்.

2. நோயை அறிதல்

"வயசானா மறக்கத்தானே செய்யும்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மூன்று ஆண்டுகளைக் கடத்திவிடுகிறோம். மறதிநோய் எனப்படும் டிமென்ஷியா ஒரே நோயின் பெயரன்று. மூளையைச் சிதைக்கும் பல நோய்களுக்குப் பொதுப்பெயர். 1901-இல் பிராங்பர்ட் மருத்துவமனைக்கு வந்த 51 வயதுப் பெண்ணைக் கண்காணித்து, அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, 1906-இல் அலோய்ஸ் அல்சைமர் விவரித்தது அவற்றில் ஒன்றை மட்டுமே.

எந்த வகை என்பதைப் பொறுத்து இல்லமும் மாறும். இரத்தக்குழாய் அடைப்பால் வரும் வகையில் கைகால் தளர்ச்சியும் விழுங்கும் சிரமமும் சேரலாம். அங்கே நர்ஸ் முக்கியம். மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் வகை அறுபதுக்கு முன்பே வரக்கூடும். உடல் வலு குறையாமல் நடத்தை மட்டும் மாறுபவருக்கு நடக்க இடம் வேண்டும். லூயி பாடி வகையில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். அதற்காக ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்து வரலாம்.

தைராய்டு குறைவு, பி12 பற்றாக்குறை, தலையில் அடிபட்டு மெல்லக் கசியும் இரத்தம் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நேற்றுவரை ஓரளவு தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினால் சிறுநீர்த் தொற்றா என்று பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் சோதித்து முடிக்காமல் இல்லம் தேடுவது அவசரம்.

3. அந்தி ஏன் உரைகல்?

நோயரின் உயிர்க்கடிகாரம் சிதைந்திருக்கும். பகலெல்லாம் சேர்ந்த களைப்பு, மங்கும் வெளிச்சம், நீளும் நிழல்கள் எல்லாம் கூடும்போது, "வீட்டுக்குப் போகணும்" என்ற தவிப்பு கிளம்புகிறது. சொந்த வீட்டில் இருப்பவரும் இப்படிக் கேட்பதுண்டு. இல்லங்களில் பகல் ஆட்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதும் இரவு ஆட்கள் வந்து சேர்வதும் ஏறத்தாழ இதே வேளையில்தான். நோயருக்குத் துணை மிகவும் வேண்டிய நேரமும், நிர்வாகத்தின் கை மிகவும் தளர்ந்திருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

கோவையில் என் பெரியப்பாவுக்கு இடம் தேடியபோது, இரண்டு இல்லங்களில் தலா ஒரு வாரம் பகலில் விட்டு இரவில் அழைத்துவந்தோம். முப்பத்தைந்து ஆண்டு பஞ்சாலையில் இருந்தவர். மாலை ஐந்தரை ஆனால் எழுந்து நின்று, "சங்கு ஊதிப்போட்டாங்களா?" என்பார், வாசலைப் பார்த்து நடப்பார்.

முதல் இல்லத்தில் கூடத்தில் டி.வி. சீரியல் அலறிக்கொண்டிருந்தது. "மில்லு மூடி எத்தனையோ வருசமாச்சு, போய் உக்காருங்க" என்றார் பணியாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். பெரியப்பா கிரில் கேட்டைப் பிடித்து உலுக்கினார். ஏழு மணிக்கு நான் போனபோது அழுதுகொண்டிருந்தார்.

இரண்டாவது இல்லத்தில் இருந்த அக்கா அவர் பக்கத்தில் வந்து, "எந்த டிபார்ட்மெண்ட்டுங்க ஐயா? வாங்க, நடந்துக்கிட்டே பேசலாம்" என்றார். "ஸ்பின்னிங்" என்றார் பெரியப்பா. முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். அறுந்த நூலை ஒட்டும் விதத்தை அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உருட்டிக் காட்ட, அந்த அக்காவும் அப்படியே செய்துபார்த்தார். ஏழரைக்குப் பெரியப்பா இரண்டு தோசை சாப்பிட்டார்.

கட்டணம் அதிகமாக இருந்தது முதல் இல்லத்தில்தான். அங்கே அறைக்கு அறை ஏசி உண்டு.

பிரித்தானிய உளவியலாளர் டாம் கிட்வுட் 1997-இல் எழுதிய நூலில், நோயரை அலட்சியப்படுத்துவது, பொய் சொல்லி ஏய்ப்பது, குழந்தையாக நடத்துவது போன்ற அன்றாடச் செயல்களே அவரது ஆளுமையை மேலும் குலைக்கின்றன என்று வாதிட்டார். அந்த அக்கா, மில் ஓடுகிறது என்று பொய்யும் சொல்லவில்லை, மூடிவிட்டது என்று முகத்தில் அடிக்கவுமில்லை. கேள்விக்குப் பின்னால் இருந்த மனிதரிடம் பேசினார்.

4. அளவுகோல்கள்

4.1 ஆட்கள்

"மொத்தம் எத்தனை ஊழியர்கள்?" என்று கேட்டால் சமையற்காரர், காவலாளி உட்பட எண்ணிச் சொல்வார்கள். "மாலை ஆறு மணிக்கும் இரவு இரண்டு மணிக்கும் இந்தத் தளத்தில் எத்தனை பேர்?" என்று கேட்க வேண்டும். ஆயாக்கள் அடிக்கடி மாறினால் அம்மாவுக்கு வெந்நீர் எந்தச் சூட்டில் வேண்டும், எந்தக் காது கேட்காது என்ற அறிவும் அவர்களோடு போய்விடும். ஆகவே மூன்று ஆயாக்களிடம், இங்கே எத்தனை மாதமாக இருக்கிறீர்கள் என்று விசாரிப்பது நல்லது. மொழியும் இதில் சேரும். பிற்பாடு கற்ற மொழிகள் முதலில் நழுவ, தாய்மொழி மட்டும் மிஞ்சும் நிலை வருவதுண்டு. வெளிமாநிலத்திலிருந்து வந்த ஊழியர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், "வயிறு கலங்குது" என்பது புரியாவிட்டால் அன்பு பயன்படாது.

4.2 இடம்

நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009-இல் உருவான ஹோகவேய்க் என்ற மறதிநோயர் இல்லம், கடையும் தெருவும் உள்ள சிற்றூராகவே கட்டப்பட்டது. ஒரு வீட்டில் ஆறேழு பேர் வாழ்கிறார்கள். ஜப்பானின் குழு இல்லங்களில் ஓர் அலகுக்கு ஐந்து முதல் ஒன்பது பேர். அவற்றின் பகட்டு நமக்குத் தேவையில்லை; சிறு குழு, பழகிய வேலை, தடையின்றி நடக்க வழி என்ற கொள்கை போதும். முற்றமும் திண்ணையும் உள்ள பழைய வீடு இதற்கு ஏற்றதே. மாலையில் பார்க்க வேண்டியவை: விளக்கைப் பொழுதோடு போடுகிறார்களா, கழிவறைக் கதவு படுக்கையிலிருந்து கண்ணில் படுகிறதா, பளபளக்கும் தரை ஈரம்போல் தோன்றிக் காலை வைக்கத் தயங்க வைக்கிறதா.

4.3 மருந்தும் கட்டும்

மாலைத் தவிப்பை அடக்கக் குறுக்குவழி மாத்திரை. மனச்சிதைவுக்கான புதிய வகை மருந்துகளை மறதிநோய் முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-இல் எச்சரித்தது; 2008-இல் பழைய வகைகளுக்கும் அதை நீட்டித்தது. வேறு வழியே இல்லாதபோது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுக்க வேண்டியவை இவை. எல்லாரும் ஆறரைக்கே தூங்கி வழியும் கூடத்தை அமைதி என்று எண்ணிவிடக் கூடாது. மணிக்கட்டில் துணி கட்டிய தடம் இருக்கிறதா என்பதையும் கண் தேட வேண்டும்.

5. சட்டமும் பணமும்

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவாற்றலின் கடுமையான கோளாற்றையும் மனநோய் வரையறைக்குள் வைக்கிறது. மனநல நிறுவனங்களில் சங்கிலியால் பிணைப்பதை அது தடைசெய்கிறது; உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியில்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் ஒப்புதலோடு மட்டுமே கட்டுப்படுத்தலாம். இல்லம் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியுள்ளது என்று கேட்பது இதனால்தான். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி, பராமரிக்கும் பொறுப்புள்ளவர் முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குறை சொல்லவும் வழி கேட்கவும் 14567 என்ற முதியோர் உதவி எண் உண்டு.

பலர் பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நம்புகிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, கொடுத்தவரின் சித்தசுவாதீனம் போனால் முகவரின் அதிகாரமும் முடிந்துவிடும். எனவே உயில், கூட்டு வங்கிக் கணக்கு, 2017 சட்டப்படியான முன்கூட்டிய விருப்ப ஆவணம் ஆகியவற்றை நோயின் தொடக்கத்திலேயே, அவர் புரிந்து கையெழுத்திடும்போதே முடிக்க வேண்டும்.

கட்டணத்தில் டயாப்பர், மருந்து, ஆஸ்பத்திரித் துணை ஆகியவை அடங்குமா, அட்வான்ஸ் எப்போது திரும்பும், படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

6. ஒரு மறுப்பு

மாலையிலும் நடிக்கலாமே என்று கேட்கலாம். ஒரு மாலை நடிக்கலாம். சொல்லாமல் மூன்று மாலை போனால், அதிலும் ஒன்று ஞாயிறாக இருந்தால், நடிக்க ஆள் போதாது. "ஆறு மணிக்குமேல் பார்வையாளருக்கு அனுமதியில்லை" என்று கண்டிப்பாகச் சொல்லும் இல்லம், கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறது.

7. முடிவுரை

"பெத்தவரை ஹோம்ல தள்ளிட்டான்" என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் குடும்பம், குற்றவுணர்வைத் தணிக்க விலையுயர்ந்த அறையைத் தேடுகிறது. அறை பார்ப்பவருக்காக, மாலை அங்கே வாழ்பவருக்காக. சேர்த்த பிறகும் இந்த அளவுகோல் மாறுவதில்லை: போய்ப் பார்ப்பதானால் ஐந்தரைக்குப் போக வேண்டும். பெரியப்பா இப்போது என்னை யாரென்று அறிவதில்லை. சங்கு ஊதிவிட்டதா என்று என்னிடமும் கேட்கிறார். எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டபடி நானும் அவரோடு நடக்கப் பழகிக்கொண்டேன்.