மெதுவாக எண்ணி விரைந்த அலையைப் பிடித்த கதை

வளையமாதேவிப் பக்கம் வாழும் வாசகர்களே, நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரம் சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். ஒரு வாளி, முன்வாளி இருந்த இடத்தைச் சற்றே தாண்டும் கணந்தோறும் மட்டும் கண் திறந்து மூடுவதாகக் கொள்ளுங்கள். சக்கரம் மெல்ல ஊர்வதாகத் தோன்றும்!

1950களில் வந்த மாதிரியெடுக்கும் அலைநோக்கிகள் இந்த மயக்கத்தைத்தான் பயன்படுத்தின. ஆனால் அலை மாறாமல் திரும்பத் திரும்ப வரவேண்டும். வானிலிருந்து வரும் ரேடியோ அலையோ ஒருமுறை வந்தது மறுமுறை வராது. அதற்கு என்ன செய்வது? அலைப்பட்டையின் அகலத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் அளந்தால் போதும் என்று 1949-இல் ஷானன் விளக்கியிருந்தார்.

உதகைக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் சுவரூப் குழுவினர் 1970-இல் அமைத்த 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பெறுகிறது. முன்பு அதை 30 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கியே கையாண்டனர். பிற்காலத்தில் அதற்கென வகுத்த புதிய ஏற்பி, அலையை இறக்காமலே நொடிக்கு 7.68 கோடி முறை அளந்து எண்ணாக்குகிறது. 326.5-இலிருந்து 76.8-ஐ நான்கு முறை கழித்துப் பாருங்கள்; மிச்சம் 19.3. எண்களில் அந்த மெதுவான அலையாகவே அது தோன்றும்.

ஆனால் உண்மையான 19.3 மெகாஹெர்ட்ஸ் அலை புகுந்தாலும் இதே எண்கள்தாம் வரும். ஆகையால் வடிகட்டி முன்னே நின்று அதைத் தடுக்க வேண்டும். உள்ளே விட்டுவிட்டால், எது வான் அலை, எது பூமியில் யாரோ அனுப்பியது என்று எந்தக் கணிப்பொறியாலும் பிரித்தெடுக்க இயலாது.